ஹேண்டிகேப் பார்க்கிங்: சொல் வந்த வழியும் அதற்கான தமிழும்

பேச்சில் ‘ஹேண்டிகேப் பார்க்கிங்’. பழைய பலகைகளில் ‘ஊனமுற்றோர் வாகன நிறுத்துமிடம்’. புதிய பலகைகளில் ‘மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்’. மூன்றும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன: வாசலுக்குக் கிட்டத்தில், தரையில் நீல நிறத்தில் வெள்ளைச் சக்கர நாற்காலி வரைந்து, பக்கத்தில் சாய்கோடு போட்ட பட்டையோடு காலியாக இருக்கும் இடம். பெரும்பாலும் காலியாக இருக்க வேண்டிய இடம் என்று சொல்லியிருக்கலாம்.

முதலில் ஹேண்டிகேப். இந்தச் சொல்லுக்கு ஒரு கட்டுக்கதை உண்டு. உடல் ஊனமுற்றவர்கள் தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சை எடுத்தார்கள், கையும் தொப்பியும் சேர்ந்து ஹேண்டிகேப் ஆனது என்பார்கள். கேட்க நம்பும்படி இருப்பதால் பரவிவிட்டது, ஆனால் உண்மை இல்லை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘தொப்பிக்குள் கை’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு பண்டமாற்று விளையாட்டு இருந்தது. ஒருவர் தன் பொருளைக் கொடுத்து இன்னொருவர் பொருளைக் கேட்பார். இரண்டும் சம மதிப்பாக இருக்காது அல்லவா? நடுவர் ஒருவர் இரண்டையும் பார்த்து, மதிப்புக் குறைந்த பொருளோடு எவ்வளவு சேர்த்துக் கொடுத்தால் சரியாகும் என்று சொல்வார். பந்தயப் பணம் ஒரு தொப்பிக்குள் போகும். இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு எடுப்பார்கள். சம்மதமா இல்லையா என்பதை அந்தக் கை காட்டிக்கொடுக்கும்.

அங்கிருந்து 18ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வேகமான குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றி, மற்ற குதிரைகளுக்கும் வெல்ல வாய்ப்புக் கொடுப்பதே ஹேண்டிகேப். கோல்ஃப் ஆட்டத்தில் இன்றும் கிட்டத்தட்ட அதே பொருள்தான். ஏற்றிய சுமை என்ற பொருள் மெல்ல ‘தடை’ என்று ஆகி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதர்களின் உடற்குறையைக் குறிக்க வந்தது. பந்தயத்தில் வலுவான குதிரை சுமந்த எடைக்கு வைத்த பெயர், ஊரில் நடக்க முடியாதவருக்குப் போய் ஒட்டிக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களே ஆட்களைக் குறிக்க இதைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். நம் பேச்சில் மட்டும் ‘ஹேண்டிகேப்டு’ விடாமல் நிற்கிறது.

பார்க்கிங் கதை சின்னது. வேலி போட்டு விலங்குகளை அடைத்து வைத்த நிலம் பழைய பிரெஞ்சில் ‘பார்க்’. படைகள் பீரங்கிகளையும் வண்டிகளையும் ஓரிடத்தில் வரிசையாக நிறுத்தியதற்கும் அதே சொல் வந்தது. பிறகு எல்லா வண்டிகளுக்கும் ஆயிற்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? பார்க்கிங்கிற்குத் தமிழ்நாட்டில் ‘வாகன நிறுத்துமிடம்’, இலங்கையில் ‘வாகனத் தரிப்பிடம்’. எனக்குத் தரிப்பிடம் பிடிக்கும். தரித்தல் என்றால் ஓரிடத்தில் தங்கி நிற்றல். ஒரே சொல்லில் காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு அது உடனே புரியாது என்பதால் நிறுத்துமிடமே இருக்கட்டும்.

ஆட்களைக் குறிக்கும் சொல்லில்தான் சிக்கல். ஊனம் என்பது குறைவு என்ற பொருள் கொண்ட வடசொல்லில் இருந்து வந்தது. ‘ஊனமுற்றோர்’ என்று அரசுக் கோப்புகளில் நெடுங்காலம் இருந்ததை 2010இல் தமிழ்நாடு அரசு ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று மாற்றியது. சிங்கப்பூரில் ‘உடற்குறையுள்ளோர்’ என்றும், இலங்கையில் ‘விசேட தேவையுடையோர்’ என்றும் எழுதுகிறார்கள். மாற்றுத்திறனாளி என்பது பூசி மெழுகும் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. எல்லோருக்கும் ஏதோ ஒரு மாற்றுத் திறன் இருந்தாக வேண்டுமா என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். இருந்தாலும் பலகையில் எழுத இன்றைக்கு இதைவிடப் பரவலாகப் புரிகிற, யாரையும் காயப்படுத்தாத சொல் வேறில்லை. எழுதும்போது ‘த்’ விடாமல் எழுதினால் போதும். ‘மாற்று’ என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், அடுத்து வல்லினம் வந்தால் மிகும். ‘மாற்றுதிறனாளி’ என்று பெயின்ட் அடித்த பலகைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஆக, ‘மாற்றுத்திறனாளி வாகன நிறுத்துமிடம்’. நீளம்தான், ஆனாலும் பழகிவிடும். ‘சிறப்புச் சலுகை நிறுத்துமிடம்’ என்று மட்டும் யாரும் எழுதிவிட வேண்டாம். சலுகை என்றவுடன், வாசலுக்குப் பக்கத்தில் கிடைத்த நல்ல இடம் என்று மனம் கணக்குப் போடுகிறது. “ரெண்டு நிமிஷம் நானும் நிறுத்திக்கிறேன்” என்பது அங்கிருந்துதான் வருகிறது. இந்த இடத்தின் உயிர், வாசலுக்கு அருகில் இருப்பதைவிட அதன் அகலத்தில் இருக்கிறது.

அமெரிக்க விதியை எடுத்துக்கொள்வோம். காருக்கான இடம் குறைந்தது 2.44 மீட்டர் அகலம். அதை ஒட்டிச் சாய்கோடு போட்ட பட்டை சுமார் 1.5 மீட்டர். சாய்தளம் வைத்த வேன் என்றால் இன்னும் அகலம் வேண்டும். இந்திய வழிகாட்டு நெறிகளில் பட்டையையும் சேர்த்து மொத்தம் 3.6 மீட்டர். தரை ஏறத்தாழ மட்டமாகவும் இருக்க வேண்டும். சரிவில் சக்கர நாற்காலி உருண்டு ஓடிவிடும்.

அந்தப் பட்டை எதற்கு? தனியாக ஓட்டி வரும் ஒருவர் இறங்குவதைக் கவனித்தால் தெரியும். ஓட்டுநர் பக்கத்துக் கதவை முழுசாக, இனித் திறக்க முடியாது என்கிற அளவுக்குத் திறக்கிறார். பக்கத்து இருக்கையில் கழற்றி வைத்திருக்கும் நாற்காலியின் சட்டத்தைத் தன் மடிக்கு மேலாகத் தூக்கி வெளியே தரையில் வைக்கிறார். ஒரு சக்கரம், அப்புறம் இன்னொரு சக்கரம், அச்சில் ‘டிக்’ என்று மாட்டுகிறார். மெத்தையைப் போடுகிறார். நாற்காலியை இருக்கைக்கு இணையாக ஒட்டி வைத்து, கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி நகர்த்துகிறார். இதெல்லாம் நடப்பது அந்தச் சாய்கோடுகளின் மேல். அரைகுறையாகத் திறந்த கதவில் இதில் ஒன்றுகூட நடக்காது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பட்டைக்குத் தமிழில் பேச்சுவழக்கில் ஒரு பெயரே இல்லை. ‘கோடு போட்ட இடம்’ என்கிறோம். பெயர் இல்லாததாலோ என்னவோ, அது யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று பலர் நினைக்கிறார்கள். காரை நிறுத்தத் தயங்குகிறவர்கூட அங்கே பைக்கைச் செருகிவிடுவார். தள்ளுவண்டிகள், பூந்தொட்டிகள், காவலாளியின் நாற்காலி, எல்லாம் அங்கே போய்ச் சேரும். கார் வந்து இறங்கிப் போன பிறகு பைக் வந்து நின்றால் நிலைமை இன்னும் மோசம். திரும்பி வருகிறவர் தன் காருக்குள் ஏற முடியாது. கூட ஆள் இருந்தால் காரை வெளியே எடுத்துத் தரலாம். தனியாக வந்தவர், பைக்கை நிறுத்தியவர் எப்போது வருவார் என்று காத்திருக்க வேண்டியதுதான். இந்தப் பட்டையை ‘இறங்குவெளி’ என்று அழைக்கலாம் என்பது என் யோசனை. ஏறுவதும் அங்கேதான், ஆனால் ‘ஏறியிறங்குவெளி’ வாயில் நுழையாது.

சின்னத்தைப் பற்றியும் இரண்டு வரி. சக்கர நாற்காலிக் குறியை 1968இல் வரைந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபூட் என்ற மாணவி. அவர் வரைந்தது வெறும் நாற்காலி. தலையாக ஒரு வட்டத்தைச் சேர்த்து ஆளாக்கியது, குறியைத் தேர்ந்தெடுத்த குழுவின் தலைவர் கார்ல் மொன்டான். 1969இல் அது உலகக் குறியாக ஏற்கப்பட்டது. பார்த்தவுடன் புரியும் நல்ல குறி, ஆனால் அதனால் ஒரு தொல்லையும் வந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு மட்டும்தான் இந்த இடம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நுரையீரல் நோயால் இருபது அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவர், செயற்கைக் கால் மேல் பேன்ட் போட்டிருப்பவர், மூட்டுவாதம் உள்ளவர், இவர்களுக்கும் பல நாடுகளில், காரின் முன்கண்ணாடியில் தெரியும்படி வைக்கும் அனுமதி அட்டை உண்டு. கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளையும் சேர்த்து இங்கிலாந்து 2019இல் விதியை விரித்தது.

இதனால், தவறான பயன்பாட்டுக்கு எதிர்வினை காட்டுவதில் இரண்டு வேறு நிலைமைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அட்டை இருக்கிறது, ஆள் மட்டும் நன்றாக நடப்பதுபோல் தெரிகிறது என்றால், விட்டுவிடுங்கள். “உங்களுக்கு என்ன வியாதி?” என்று வாகன நிறுத்துமிடத்தில் நின்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. அவர் உள்ளே இருக்கும் அம்மாவைக் கூட்டிப் போக வந்தவராகவும் இருக்கலாம். பாட்டியின் அட்டையைப் பேரன் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றுவதும் நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அட்டை ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியது அல்ல. பிரிட்டனில் ‘நீல அட்டை’ எனப்படும் இந்த அனுமதி அட்டையை இப்படி முறைகேடாகப் பயன்படுத்தினால் 1,000 பவுண்டு வரை அபராதம். ஆனால் அதைச் சரிபார்ப்பது அட்டை கொடுத்த அலுவலகத்தின் வேலை. சந்தேகம் வலுவாக இருந்தால் அவர்களிடம் சொல்லலாம்.

அட்டையே இல்லை, அல்லது இறங்குவெளியில் வண்டி நிற்கிறது என்றால் பேசலாம். ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருந்தால் ஒரு வாக்கியம் போதும்: “சார், இது மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடம், கொஞ்சம் எடுத்துடுறீங்களா?” கவனிக்காமல் நிறுத்தியவர் எடுத்துவிடுவார். “வண்டியில்தானே இருக்கேன், யாராவது வந்தா எடுத்துடுறேன்” என்கிறவரிடம் வாதாடிப் பயனில்லை. வருகிறவருக்கு அந்த இடம் அடைபட்டிருப்பது தூரத்திலேயே தெரிந்து, கேட்காமலே போய்விடுவார்; அந்த “யாராவது” ஓட்டுநர் கண்ணில் படவே மாட்டார். இதை அவருக்குப் புரியவைக்கும் பொறுமை இருந்தால் சொல்லுங்கள், குரல் உயர்ந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். டயரில் காற்றை இறக்குவது, கண்ணாடியில் பசை தடவிக் காகிதம் ஒட்டுவது, குறுக்கே தன் வண்டியை நிறுத்துவது எல்லாம் வேண்டாம். வழக்கு உங்கள் மேல் திரும்பும், அந்த இடமும் கூடுதல் நேரம் அடைபட்டுக் கிடக்கும்.

ஆள் இல்லாத வண்டி என்றால், கட்டடத்துக்கு உள்ளே நிர்வாகத்திடம், பொதுச் சாலையில் போக்குவரத்துக் காவலிடம் போக வேண்டும். படம் எடுப்பதானால் வண்டி எண், தரைக்குறி, கண்ணாடியில் அட்டை இல்லாதது ஆகிய மூன்றும் தெரியும்படி எடுங்கள். ஆட்களின் முகம் வேண்டாம். எடுத்த படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அட்டை கீழே விழுந்து கிடந்திருந்தால் அவமானப்படுவது நடக்க முடியாத ஒருவர்.

இறங்குவெளியில் தினமும் ஏதாவது நிற்கிறது என்றால் அது தனி ஆளின் தவறு என்பதைத் தாண்டிவிட்டது. அப்போது நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது அபராதத்தை அல்ல. தரைக்கோட்டைப் புதிதாக அடிக்கவும், வண்டியின் முன்னால் கண் மட்டத்தில் பலகை வைக்கவும், காவலாளிக்குச் சொல்லி வைக்கவும் எழுத்தில் கேளுங்கள். தரையில் மட்டும் உள்ள குறி, வண்டி ஏறி நின்றவுடன் மறைந்துவிடும்.

புகாரில் பெரிய சொற்கள் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்: “இன்று காலை 10.20 மணிக்கு, முன்வாசலை ஒட்டிய மாற்றுத்திறனாளி வாகன நிறுத்துமிடத்தில் அனுமதி அட்டை இல்லாத கார் ஒன்று நிற்கிறது. அதன் இறங்குவெளியில் (காருக்குப் பக்கத்தில் சாய்கோடு போட்ட பட்டை) இரண்டு பைக்குகள் நிற்கின்றன. வண்டி எண்களும் படமும் இணைத்துள்ளேன்.” அடைப்புக்குறிக்குள் இருக்கும் விளக்கத்தை எடுக்காதீர்கள். அது இல்லாவிட்டால் படிக்கிறவர் காரை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு, பைக்குகளை அப்படியே விட்டுவிடுவார்.