இன்றைய பட்டியலை வைத்து நேற்றைய சந்தையை ஆராயாதீர்கள்

மீண்டும் அதே மாதிரி ஓர் ஆய்வேட்டு வரைவு. பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள நிறுவனங்களின் 20 ஆண்டு ரிட்டர்ன் (முதலீட்டில் கிடைத்த லாப நஷ்ட சதவீதம்) பற்றிய ஆய்வு. ரிக்ரஷன் அட்டவணைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. தரவுப் பகுதியிலோ ஒரே வரி: "விலைகள் இணையத்திலிருந்து பெறப்பட்டன." எந்தத் தேதியில் எடுத்தது, எந்த நிறுவனப் பட்டியல், எந்த விலை என்று ஒன்றுமே இல்லை. மாணவர்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அத்தனை உழைப்பும் தவறான கோப்பின் மேல் கொட்டப்படுகிறதே என்பதுதான் வேதனை.

"விலைன்னா விலைதானே, எங்கிருந்து எடுத்தா என்ன?" என்ற எண்ணம்தான் இத்தனைக்கும் வேர். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் இன்று இருக்கும் நிறுவனங்களை இறக்கிக்கொண்டு, அவற்றின் 2000-ஆம் ஆண்டு முதலான விலைகளை எடுக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் என்ரான் இல்லை. வேர்ல்ட்காம் இல்லை. லீமன் பிரதர்ஸ் இல்லை. மூன்றும் ஒரு காலத்தில் அதே குறியீட்டில் இருந்தவை. 2001 டிசம்பரில் ஒன்று, 2002 ஜூலையில் ஒன்று, 2008 செப்டம்பரில் ஒன்று என்று திவால் மனு போட்டவை. 2000-இல் பணம் போட்ட முதலீட்டாளருக்கு யார் கவிழ்வார், யார் நிலைப்பார் என்று தெரியாது. உங்கள் கோப்புக்கு மட்டும் அது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

கணக்காகவே பாருங்கள். 10 நிறுவனங்கள். 8 தப்பித்து ஆளுக்கு 10 சதவீதம் தந்தன. 2 முழுதாக மூழ்கின. உண்மையான சராசரி, 80-லிருந்து 200 போக 10-ஆல் வகுத்தால், மைனஸ் 12 சதவீதம். தப்பித்தவற்றை மட்டும் எடுத்தால் பிளஸ் 10. நஷ்டம் லாபமாகிவிட்டது. இன்னொரு பக்கமும் இருக்கிறது: இன்று குறியீட்டில் இருப்பவற்றில் பல, பின்னாளில் வளர்ந்ததால் உள்ளே வந்தவை. அவை 2000-லேயே உள்ளே இருந்ததுபோல் நீங்கள் கணக்கெழுதுகிறீர்கள்.

இதைச் சொன்னால், "சாம்பிளைப் பெரிதாக்கினால் கரைந்துபோகுமே" என்று பதில் வரும். கரையாது. விடுபட்டவை குலுக்கல் முறையில் விடுபடவில்லை, செத்ததால் விடுபட்டன. 500-ஐ 5,000 ஆக்கினாலும் செத்தவை வெளியேதான் நிற்கும். "அப்போ ரிட்டர்னை ஒரு சதவீதம் குறைச்சுக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பட்டியலிலிருந்து போனவை எல்லாம் திவாலானவை அல்ல. நல்ல விலைக்கு வாங்கப்பட்டு மறைந்தவையும் உண்டு. பிழை எந்தப் பக்கம் எவ்வளவு என்பதை ஊகத்தால் சரிசெய்ய முடியாது.

செய்ய வேண்டியது, குறியீட்டின் கடந்தகால உறுப்பினர் பட்டியலை எடுப்பது. எந்த நிறுவனம் எந்தத் தேதியில் நுழைந்தது, எந்தத் தேதியில் வெளியேறியது என்பது அதில் இருக்க வேண்டும். அமெரிக்கப் பங்குகளுக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1960-இல் தொடங்கிய சிஆர்எஸ்பி தரவுத்தளம் இருக்கிறது. 1926 முதலான விலைகளோடு, மறைந்த நிறுவனங்களையும் அது வைத்திருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் டபிள்யூஆர்டிஎஸ் என்ற ஆய்வுத் தரவுத் தளம் வழியாக இதை எடுக்கலாம். அங்கும் ஒரு பொறி உண்டு. சந்தைப் பட்டியலிலிருந்து பங்கு நீக்கப்பட்டபோது கிடைத்த ரிட்டர்ன் தனியாக இருக்கும். நெடுங்காலம் புழங்கிய பழைய கோப்பமைப்பில் மாதாந்தர ரிட்டர்னோடு அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். நீக்கக் காரணக் குறியீடு 200-களில் இருந்தால் இணைப்பு, 500-களில் இருந்தால் சந்தையால் வெளியேற்றப்பட்டது. மோசமான செயல்பாட்டால் நீக்கப்பட்டவற்றுக்கு இந்த நீக்க ரிட்டர்ன் பல இடங்களில் விடுபட்டிருந்ததை டைலர் ஷம்வே 1997-இல் ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸில் காட்டினார். நியூயார்க் பங்குச் சந்தை, அமெரிக்கன் பங்குச் சந்தை (அமெக்ஸ்) பங்குகளுக்கு விடுபட்ட இடத்தில் மைனஸ் 30 சதவீதம் வைக்கும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

பிற நாட்டுச் சந்தைகளுக்கு டேட்டாஸ்ட்ரீம் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் கவனியுங்கள். மறைந்த பங்கின் கடைசி விலையை அது அப்படியே நீட்டித்துக்கொண்டே போகும். உங்கள் கோப்பில் அது ஆண்டுக்கணக்கில் பூஜ்ய ரிட்டர்னாகத் தெரியும். வரிசையின் வாலில் தொடர்ந்து வரும் பூஜ்யங்களை வெட்டியபின்தான் எந்தக் கணக்கும்.

அடுத்தது அடையாள எண். டிக்கரை, அதாவது சந்தையில் ஒரு பங்கைக் குறிக்கும் சுருக்கெழுத்தை வைத்துக் கோப்புகளை இணைக்காதீர்கள். ஜிஎம் என்ற டிக்கரில் 2009 ஜூன் வரை ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் இருந்தது, அது திவாலானது. 2010 நவம்பரில் அதே எழுத்துகளோடு வந்தது வேறொரு நிறுவனம். ஃபேஸ்புக்கின் எஃப்பி 2022 ஜூனில் மெட்டா ஆனது. டிக்கர் கைமாறும், நிரந்தர எண் மாறாது. சிஆர்எஸ்பியில் அது பெர்ம்நோ, நிறுவனக் கணக்கறிக்கைகளின் தரவுத்தளமான காம்புஸ்டாட்டில் ஜிவிகீ. இரண்டையும் இணைக்கத் தனி இணைப்பு அட்டவணை இருக்கிறது. அதிலுள்ள தொடக்கத் தேதி, முடிவுத் தேதிக்குள் உங்கள் தேதி விழுகிறதா என்று சரிபார்க்காமல் இணைத்தால், ஒரே நிறுவனம் இரண்டு வரியாக வந்து நிற்கும். இணைப்புக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணுங்கள். இதைச் செய்யச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

எக்செல் செய்யும் சேதத்தையும் சொல்லியாக வேண்டும். ஆப்பிளின் கூசிப் எண் (அமெரிக்கப் பங்குகளுக்கான 9 இட அடையாள எண்) 037833100, ஜிவிகீ 001690. கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்த நொடியில் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய் 37833100, 1690 என்று நிற்கும். மற்றவை எண்களாக இருந்து நடுவில் E எழுத்து வரும் கூசிப் என்றால் அடுக்குக்குறி எண்ணாக மாறிவிடும். சேமித்துவிட்டால் அதை மீட்க வழியில்லை. அந்த நெடுவரிசையை உரை வடிவமாக அறிவித்துத்தான் இறக்குமதி செய்ய வேண்டும். "பாதி நிறுவனங்கள் இணையவில்லை, தரவுத்தளத்தில் இல்லைபோல" என்று சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

விலையிலும் எந்த விலை என்ற கேள்வி உண்டு. ஆப்பிள் 2014 ஜூனில் 1 பங்கை 7 ஆகவும், 2020 ஆகஸ்டில் 1-ஐ 4 ஆகவும் பிரித்தது. 2010-இல் 280 டாலருக்கு விற்ற பங்கு, பிரிப்புக்குத் திருத்திய கோப்பில் 10 டாலராக இருக்கும். ரிட்டர்னுக்குத் திருத்திய விலை சரி. பங்கு எண்ணிக்கையோடு பெருக்கிச் சந்தை மதிப்பு காண்பதானால், அன்றைய அசல் விலையை அன்றைய பங்கு எண்ணிக்கையோடு பெருக்குங்கள். டிவிடெண்டுக்கும் திருத்திய விலையோ ஒவ்வொரு டிவிடெண்டுக்குப் பிறகும் பழைய எண்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடும். அதனால் இறக்கிய தேதியைக் கட்டாயம் குறித்துவையுங்கள். சிஆர்எஸ்பி பழைய அமைப்பில் விலை மைனஸாக இருந்தால் பயப்படாதீர்கள். அன்று வர்த்தகம் நடக்கவில்லை, வாங்குவோர் தர முன்வந்த விலைக்கும் விற்போர் கேட்ட விலைக்கும் சராசரி அது. மைனஸ் குறியை நீக்கிவிட்டு எடுத்துக்கொண்டால் போதும்.

நிதியியல் பேராசிரியர் கென்னத் ஃபிரெஞ்ச் தளத்தின் காரணிக் கோப்புகளில் (சந்தை, நிறுவன அளவு போன்ற பொதுக் காரணிகளின் ரிட்டர்ன்) எண்கள் சதவீதத்தில் இருக்கின்றன. உங்கள் ரிட்டர்ன் தசமத்தில் இருந்தால் பீட்டா (சந்தை அசைவுக்குப் பங்கு எவ்வளவு அசைகிறது என்ற அளவு) நூறில் ஒன்றாகச் சுருங்கும். அங்கே மைனஸ் 99.99 என்பது தரவு இல்லை என்பதற்கான அடையாளம். அதை நஷ்டமாக எண்ணிவிடாதீர்கள்.

காலத்தை முந்திக்கொள்ளும் பிழை இன்னும் நுட்பமானது. டிசம்பரில் நிதியாண்டு முடிந்தால் அந்த லாப எண் டிசம்பரில் யாருக்கும் தெரியாது. 1992-இல் யூஜின் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் ஒரு காலண்டர் ஆண்டில் முடிந்த கணக்குகளை அடுத்த ஆண்டு ஜூலை முதலான ரிட்டர்னோடு சேர்த்தது இதற்காகத்தான், குறைந்தது 6 மாத இடைவெளி. நிகழ்வு ஆய்வு (ஓர் அறிவிப்புக்குப் பங்கு விலை எப்படி அசைந்தது என்று பார்ப்பது) என்றால், அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் எட்கர் தளத்தில் ஆவணம் தாக்கலான தேதியை எடுங்கள், காலாண்டு முடிந்த தேதியை அல்ல. பொருளாதார எண்களும் அப்படியே. அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் பொருளாதாரத் தரவுத் தளமான ஃப்ரெட் முதலில் காட்டுவது பின்னால் திருத்தப்பட்ட ஜிடிபி. அன்றைக்கு வெளியான எண் வேண்டுமானால் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் ஆல்ஃப்ரெட் தளத்துக்குப் போங்கள்.

இனி கட்டுரைத் தேடல். பொருளாதாரக் கட்டுரைகளைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கும் ஜேஇஎல் குறியீடுகளைப் பயன்படுத்துங்கள். சொத்து விலைக்கு ஜி12, சந்தைத் திறனுக்கும் நிகழ்வு ஆய்வுக்கும் ஜி14, வங்கிகளுக்கு ஜி21, மூலதன அமைப்புக்கு ஜி32. பொருளாதாரக் கட்டுரைகளின் தேடல் தளமான ஈகான்லிட்டில் குறியீட்டோடு ஒரு சொல்லையும் சேர்த்துத் தேடினால், ஆயிரம் முடிவுகள் கைக்கு அடங்கும் அளவுக்கு வரும். எஸ்எஸ்ஆர்என், என்பிஇஆர் தளங்களில் கிடைப்பவை பணிநிலைக் கட்டுரைகள், அதாவது இதழில் வருவதற்கு முந்தைய வரைவுகள். இதழில் வரும்போது சாம்பிளும் மாறலாம், முடிவும் மாறலாம், தலைப்பேகூட மாறலாம். கூகுள் ஸ்காலரில் எல்லாப் பதிப்புகளையும் திறந்து, அச்சானதைப் படித்து, அதையே மேற்கோள் காட்டுங்கள்.

அரட்டைச் செயலி தந்த மேற்கோள்களை அப்படியே ஒட்டுகிறவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். உண்மையான ஆசிரியர், உண்மையான இதழ், இல்லாத கட்டுரை என்று அது கோத்துக் கொடுக்கும். கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணை அதற்கான தளத்தில் போட்டுப் பாருங்கள். வேறு கட்டுரை திறந்தாலோ ஒன்றுமே திறக்காவிட்டாலோ, இதழின் தளத்தில் அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தைப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் அடித்துவிடுங்கள். ஒரு மேற்கோளுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

தலைப்பை நெறியாளரிடம் உறுதிசெய்யும் முன்பே தரவு கிடைக்குமா என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கு நெருக்கமான மூன்று கட்டுரைகளின் தரவுப் பகுதியை மட்டும் படித்து, அவர்கள் எடுத்த தரவுத்தளங்களுக்கு உங்கள் நூலகம் சந்தா கட்டுகிறதா என்று கேளுங்கள். நூலகத்துக்குக் கேட்க வரும்போது எந்தச் சந்தை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, தினசரியா மாதாந்தரமா, எந்த வகை நிறுவனங்கள் என்பதை எழுதிக்கொண்டு வாருங்கள். "ஸ்டாக் டேட்டா வேணும்" என்றால் யாராலும் உதவ முடியாது.

இதழ்த் தளங்களிலிருந்து நிரல் எழுதிக் கட்டுரைகளை மொத்தமாக இறக்காதீர்கள். தளம் அடைக்கப்பட்டால் உங்களுக்கு மட்டும் அல்ல, வளாகம் முழுவதற்கும் அடைபடும். எட்கரில் நிரல் வழி எடுக்கலாம், ஆனால் உங்கள் அடையாளத்தைக் கோரிக்கையில் அறிவித்து, நொடிக்கு 10 கோரிக்கைக்குள் நில்லுங்கள். சந்தா கட்டி எடுத்த விலைக் கோப்பை நண்பருக்கு அனுப்புவதும் பொதுத்தளத்தில் ஏற்றுவதும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் மீறல். தரவை மீண்டும் எடுக்கவும் சுத்தம் செய்யவும் எழுதிய நிரலை, எடுத்த தேதியையும் தரவுத்தளப் பதிப்பையும் முதல் வரியில் குறித்து, ஆய்வேட்டோடு சேர்த்துக் கொடுங்கள். பல்கலைக்கழகக் கணக்கு மூடும் நாளில் அணுகலும் போய்விடும். தேர்வாளரின் திருத்தங்கள் அதற்குப் பிறகும் வரக்கூடும். அணுகல் நீட்டிப்பை முன்பே கேட்டு வாங்கிவையுங்கள்.