நிவாரண ஆங்கிலம்: கேட்பவர் பக்கமிருந்து தொடங்குங்கள்

ஆங்கிலம் புதிதாகப் படிப்பவர்களுக்கு ‘தானம், உதவி’ பற்றிய பாடம் வந்ததும் பல வகுப்புகளில் கரும்பலகையில் ஏறுவது சாரிட்டி, டோனர், ஜெனரஸ், வாலண்டியர், ஃபண்ட்ரைசிங் போன்ற சொற்கள்தான். எல்லாமே கொடுப்பவர் பக்கத்துச் சொற்கள். கன்னியாகுமரி மாவட்டத்து வகுப்புக்கு இந்தப் பட்டியல் போதாது. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலையும் மணக்குடியையும் சுனாமி அடித்துப் போட்டது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பகுதி மீனவர்களைக் கடலில் வைத்தே பிடித்தது. 2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளக்காடானது. நம் முன்னால் இருப்பவர் முகாமில் தங்கியவராக இருக்கலாம், முகாமுக்குக் கஞ்சி வைத்தவராகவும் இருக்கலாம். வெளியிலிருந்து வந்த உதவிக் குழு ஆங்கிலத்தில் கேட்கும்போது, தன் வீட்டுக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்ல முடிய வேண்டும். அதனால் ‘எனக்கு இது வேண்டும், இது வேண்டாம்’ என்பதிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும்.

முதல் நாள் வகுப்புக்கு எட்டுச் சொற்கள் போதும்: வாட்டர், ஃபூட், மெடிசின், மில்க் பவுடர், பிளாங்கெட், ஷெல்டர், ஃப்ளட், நீட். இதில் கடைசிச் சொல்தான் வேலை செய்கிற சொல். ‘வீ நீட்’ என்று தொடங்கினால் வாட்டரிலிருந்து ஷெல்டர் வரை ஆறு சொற்களும் அதன் பின்னால் வந்து உட்காரும். நம் பிள்ளைகளுக்கு ‘நீட்’ என்றதும் மருத்துவ நுழைவுத் தேர்வுதான் நினைவுக்கு வரும். அதைச் சொல்லிவிட்டே தொடங்குங்கள். தேர்வின் பெயரில் கடைசி ஒலி வல்லென்று முடியும். இந்தச் சொல்லில் ‘நாடு’ என்பதிலுள்ள டகரம் போல மென்மையாக முடியும், ஆனால் உகரம் சேராது.

படம் காட்டுவதை விடப் பொருளைக் கொண்டுவருவது நல்லது. ஒரு போர்வை, பால்பவுடர் டப்பா, மாத்திரை அட்டை, தண்ணீர் பாட்டில் போதும். கையில் கொடுத்து வாங்கும்போதே ‘எ பேக் ஆஃப் ரைஸ்’, ‘எ பாட்டில் ஆஃப் வாட்டர்’ என்று அளவையும் சேர்த்துப் பழக்கிவிடலாம். இல்லையென்றால் ‘டூ ரைஸ்’ என்று தொடங்கி அதுவே நிலைத்துவிடும்.

அதிகம் இடறுகிற இடம் ஃபூட், ஃப்ளட், ப்ளட் என்ற மூன்றும். மூன்றிலும் எழுத்து ‘டபுள் ஓ’தான். ஆனால் உணவுக்கு மட்டும் நீண்ட ஊகாரம், வெள்ளத்துக்கும் ரத்தத்துக்கும் குறுகிய அகரம். எழுத்தைப் பார்த்து வாசிப்பவர் ‘ஃப்ளூட்’ என்பார். போதாக்குறைக்கு, தமிழில் ‘ஃப’ ஒலி இயல்பாக இல்லாததால் ஃப்ளட்டும் ப்ளட்டும் வாயில் ஒன்றாகிவிடும். ‘ஃப்ளட் ரிலீஃப் கேம்ப்’ என்று சொல்ல வந்தவர் ரத்ததான முகாமைச் சொன்னதாகக் கேட்பவர் நினைத்துக்கொள்வார். இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து, மேல்பல் கீழுதட்டைத் தொட, ஊதச் சொல்லுங்கள். காற்று தொடர்ந்து வந்தால் ஃப்ளட். உதடு இரண்டும் மூடித் திறந்தால் ப்ளட். பிறகு நீங்கள் ஒரு சொல்லைச் சொல்ல, அவர்கள் வெள்ளமென்றால் ஒரு விரலும் ரத்தமென்றால் இரு விரலும் காட்டட்டும். காது பிரித்துக் கேட்ட பிறகுதான் வாய் பிரித்துச் சொல்லும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

தமிழில் ஏற்கெனவே புழங்கும் ஆங்கிலச் சொற்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். ‘டொனேஷன் கட்டினால்தான் சீட்’ என்று கேட்டு வளர்ந்தவருக்கு டொனேஷன் என்றால் கட்டாயப் பணம். ஆங்கிலத்தில் அது மனமுவந்து தருவது. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் கோயில் கொடை (திருவிழா) வரியை எந்தச் சொல்லால் சொல்வது என்ற கேள்வி நம் ஊரில் கட்டாயம் வரும். தொடக்கநிலையில் அதற்குள் போகாமல் ‘கிவ்’ என்ற எளிய சொல்லிலேயே நிற்கலாம். டொனேட் என்பதை முதலில் ரத்தத்தோடு மட்டும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள், அங்கே கட்டாயமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ‘எய்ட்’ என்ற சொல்லை ‘ஃபர்ஸ்ட் எய்ட்’ என்ற தொடரில் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பன்மை என்று நினைத்து ‘ஸ்’ சேர்த்தால் ஒரு நோயின் பெயராகிவிடும். ‘எனக்கு உதவு’ என்ற தமிழ் அமைப்பு ‘ஹெல்ப் டு மீ’ என்று வரும். ‘ஹெல்ப் மீ’ என்பதை விளக்கம் இல்லாமல் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாலே சரியாகிவிடும்.

45 நிமிட வகுப்பில் இருபது நிமிடமாவது, நிவாரண முகாமின் பதிவு மேசை போல நடித்துப் பழகும் மேசைப் பயிற்சிக்குப் போக வேண்டும். ஒருவர் நோட்டும் பேனாவுமாக மேசையில் உட்காருவார். எதிரில் வருபவர் கையில், நீங்கள் ஒரு குடும்பத்தின் விவரம் எழுதிக் கொடுத்த அட்டை: ‘ஐந்து பேர், ஒரு கைக்குழந்தை, பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை, துணி இருக்கிறது.’ பேச்சு இப்படிப் போகும்.

‘ஹவ் மெனி பீப்பிள்?’
‘ஃபைவ். ஒன் பேபி.’
‘வாட் டு யூ நீட்?’
‘வீ நீட் மில்க் பவுடர் அண்ட் சுகர் மெடிசின்.’
‘டு யூ நீட் குளோத்ஸ்?’
‘நோ, தேங்க் யூ. வீ ஹேவ் குளோத்ஸ்.’

கடைசி வரிதான் எல்லாவற்றிலும் கடினம். மரியாதைக்காகவோ தயக்கத்தாலோ பலர் எல்லாக் கேள்விக்கும் ‘யெஸ்’ என்பார்கள். சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் யாருக்கும் வேண்டாத பழைய துணி மலைபோல் குவிந்தது. வேண்டாம் என்று சொல்லும் வாக்கியம் வாயில் இருப்பது கொடுப்பவருக்கும் உதவி. இன்னொரு சிக்கல், எதிர்மறைக் கேள்வி. ‘டோண்ட் யூ நீட் வாட்டர்?’ என்று கேட்டால், ‘ஆமா, வேண்டாம்’ என்று நினைத்துத் தமிழர் ‘யெஸ்’ என்பார். கேட்டவர் தண்ணீர் வேண்டும் என்று எழுதிக்கொள்வார். ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் ‘வீ நீட்’, ‘வீ டோண்ட் நீட்’ என்று முழுவாக்கியமாகச் சொல்லப் பழக்குவதே இதற்கு மருந்து.

எண்களையும் இதே மேசையில் வைத்துக்கொள்ளலாம். தர்ட்டீனும் தர்ட்டியும் இரைச்சலில் ஒன்றாகவே கேட்கும். 30 பொட்டலம் வேண்டிய இடத்துக்கு 13 போய்ச் சேரும். ‘தர்ட்டி, த்ரீ ஸீரோ’ என்று இலக்கங்களைத் தனித்தனியாகவும் சொல்ல வைக்க வேண்டும். பேரிடர் உதவிக்கான ஸ்ஃபியர் கையேடு ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்கிறது, ஏறத்தாழ ஒரு பிளாஸ்டிக் குடம். ஐந்து பேருக்கு எவ்வளவு என்று கேட்டால் ‘செவன்ட்டி ஃபைவ் லிட்டர்ஸ்’ என்ற பதில் கணக்கோடு சேர்ந்து வரும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, ஆம்புலன்சின் 108, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்களையும் ஆங்கிலத்தில் இலக்கம் இலக்கமாகச் சொல்லிப் பழகட்டும்.

பெரியவர்கள் வகுப்பென்றால் ‘ரிசீட்’ என்ற சொல்லையும் சேருங்கள். அதில் ‘பி’ எழுத்து இருந்தாலும் ஒலிக்காது. பணம் கொடுத்த இடத்தில் ‘ரிசீட் ப்ளீஸ்’ என்று கேட்பது அவர்களுக்கு உடனே பயன்படும்.

மிக முக்கியமானதொன்று. மேசைப் பயிற்சி அட்டைகளில் இருப்பவை எல்லாம் கற்பனைக் குடும்பங்களாகவே இருக்க வேண்டும். ‘உங்க வீட்டில் என்ன நடந்தது, இங்கிலீஷில் சொல்லு பார்ப்போம்’ என்று கடற்கரைப் பிள்ளையிடம் தயவுசெய்து கேட்காதீர்கள். ‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லை முதல் பட்டியல்களில் வைக்க வேண்டாம். ஒக்கிக்குப் பிறகு பல குடும்பங்கள் அந்தச் சொல்லோடு நெடுநாள் காத்திருந்தன. யாராவது தாமாகக் கேட்டால் பொருளைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள், அதை வைத்து வாக்கியம் அமைக்கச் சொல்ல வேண்டாம். ‘வீ மஸ்ட் ஹெல்ப் தி பூவர்’ போன்ற மாதிரி வாக்கியங்களும் வேண்டாம். அந்தப் ‘பூவர்’ தானோ என்று நினைக்கும் பிள்ளை அதே பெஞ்சில் இருக்கும். ‘தே நீட் ரைஸ்’ என்றால் யார் தலையிலும் முத்திரை விழாது.

ஐ.நா. 2012-இல் அறிவித்த உலகத் தொண்டு நாள் செப்டம்பர் 5, நம் ஆசிரியர் தினமும் அன்றுதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் சில வாரங்கள் கையில் இருப்பதால் பாடத்தைத் தொடங்க அந்த வாரம் வசதியானது. அடுத்த வாரம் நோட்டைத் திறக்காமல் மேசைப் பயிற்சியை ஒருமுறை நடத்திப் பாருங்கள். எட்டில் ஆறு சொற்கள் தடையில்லாமல் வந்தால் வாலண்டியர், ரெஸ்க்யூ, டொனேட் எனக் கொடுப்பவர் பக்கத்துச் சொற்களைச் சேர்க்கலாம். ஃப்ளட்டும் ப்ளட்டும் இன்னும் ஒன்றாகவே வந்தால் புதிய சொல் எதையும் எடுக்காமல் அந்த விரல் பயிற்சியையே இன்னொரு வாரம் தொடருங்கள்.