'ஜாவாஸ்கிரிப்ட ஆன் பண்ணுங்க'ன்னு சைட் ஏன் கேக்குது?

போன மாசம் சித்தி போன் பண்ணாங்க. கேஸ் புக் பண்ற பேஜ திறந்தா வெள்ளையா நிக்குது, நெட் இருக்கு, வாட்ஸ்அப் போகுது, இது மட்டும் வர மாட்டேங்குதுன்னு. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லி பாத்தா மேல ஓரமா பொடி எழுத்துல ஒரே ஒரு வரி, ஜாவாஸ்கிரிப்ட எனேபிள் பண்ணுங்கன்னு. யாரோ வைரஸ் வராதுன்னு சொல்லி அத ஆஃப் பண்ணி குடுத்துருக்காங்க. சொன்னவர் சொன்னதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு, அதான் இத விளக்கமா எழுதணும்னு தோணுச்சு.

ஒரு பேஜ திறக்கும்போது ப்ரௌசருக்கு மூணு விதமான சரக்கு வருது. எச்டிஎம்எல், அதாவது தலைப்பு எது பாரா எது பட்டன் எதுன்னு சொல்றது. சிஎஸ்எஸ், கலரும் அளவும் இடமும். இந்த ரெண்டு மட்டும் இருந்தா அது கிட்டத்தட்ட அச்சடிச்ச நோட்டீஸ் மாதிரிதான், படிக்கலாம், லிங்க தட்டி வேற பேஜுக்குப் போலாம், ஃபார்ம் நிரப்பி அனுப்பலாம், அவ்ளோதான். மூணாவதா வர்றதுதான் ஸ்கிரிப்ட், அத எழுதுற மொழிக்குப் பேருதான் ஜாவாஸ்கிரிப்ட். அது முழுசா ஒரு ப்ரோக்ராம், எங்கேயோ இருக்குற சர்வர்லேந்து, அதாவது அந்த சைட்ட வச்சிருக்குற கம்ப்யூட்டர்லேந்து இறங்கி உங்க போன்ல, உங்க ப்ராசஸர்ல, உங்க பேட்டரியில ஓடுது.

இது எதுக்கு வந்துச்சுன்னா, 1995ல வீட்டுல நெட் வச்சிருந்தவங்க பெரும்பாலும் டயல்-அப் மோடம்ல, அதாவது போன் லைன் வழியா மெதுவா வர்ற நெட்ல இருந்தாங்க. ஒரு ஃபார்ம்ல பேர் போட மறந்துட்டு அனுப்புனா அது சர்வர் வரைக்கும் போய், அங்க பாத்து, 'பேர் போடல'ன்னு முழு பேஜும் திரும்ப வரணும், அதுவரைக்கும் உக்காந்துருக்கணும். இந்தச் சின்ன செக்க நம்ம கம்ப்யூட்டர்லயே முடிச்சா என்னன்னு அப்ப பிரபலமான ப்ரௌசர் வச்சிருந்த நெட்ஸ்கேப் கம்பெனி யோசிச்சுது, அங்க வேலை பாத்த பிரெண்டன் ஐக் அந்த மே மாசம் பத்தே நாள்ல முதல் வடிவத்த எழுதிட்டார். அதுக்குப் பேரு முதல்ல மோக்கா, அப்புறம் லைவ்ஸ்கிரிப்ட், டிசம்பர்ல ஜாவாஸ்கிரிப்ட். ஜாவாங்குற இன்னொரு ப்ரோக்ராம் மொழிக்கு அப்ப இருந்த மவுசுக்காக வச்ச பேர், ரெண்டும் வேற வேற மொழி.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். ப்ரௌசர் எச்டிஎம்எல்ல படிக்கப் படிக்க மெமரியில ஒரு மரம் மாதிரி கட்டிக்கிட்டே வரும், இதுக்கு டாம்னு பேரு, பேஜ்ல இருக்குற ஒவ்வொரு பாராவும் பட்டனும் அதுல ஒரு கிளை. ஸ்கிரிப்ட் அந்தக் கிளைய வெட்டலாம், புதுசா ஒட்டலாம், எழுத்த மாத்தலாம், மாத்துன உடனே ஸ்க்ரீன்லயும் மாறிடும். நீங்க ஒரு கீய அழுத்துனா ப்ரௌசர் ஸ்கிரிப்ட்கிட்ட சொல்லும். ஆன்லைன்ல தமிழ் டைப் பண்ற பெட்டிகள்ல இங்கிலீஷ் எழுத்துல அம்மான்னு தட்டுனா தமிழ்ல விழுதுல்ல, அது பல இடத்துல இப்படித்தான் நடக்குது, நீங்க தட்டுன எழுத்த ஸ்கிரிப்ட் புடிச்சு, முன்னாடி இருக்குற எழுத்தோட சேத்துப் பாத்து, பழசை அழிச்சுட்டு சரியான தமிழ் எழுத்த வைக்குது. ஸ்கிரிப்ட ஆஃப் பண்ணா அந்தப் பெட்டி வெறும் பெட்டிதான்.

அடுத்த பெரிய மாற்றம், பேஜ ரீலோட் பண்ணாமலே சர்வர்கிட்ட டேட்டா கேக்குறது. 2004ல ஜிமெயில், 2005ல கூகுள் மேப்ஸ் வந்தப்பதான் ஜனங்களுக்கு இதோட வீச்சு புரிஞ்சுது, மேப்ப இழுக்க இழுக்க தேவையான துண்டுப் படங்கள மட்டும் ஸ்கிரிப்ட் போய் வாங்கிட்டு வரும். 2008ல குரோம் வந்தப்ப ஸ்கிரிப்ட ஓட்டுற அதோட வி8 எஞ்சின், அத ப்ராசஸருக்கு நேரா புரியுற மெஷின் கோடாவே மாத்தி ஓட்டுச்சு, வேகம் எங்கேயோ போயிடுச்சு. அதுக்கப்புறம் நெறைய சைட்டு சர்வர்லேந்து காலி பேஜ மட்டும் அனுப்பிட்டு, மிச்சம் மொத்தத்தையும் ஸ்கிரிப்ட் கட்டிக்கட்டும்னு விட்டுடுச்சு. சித்தி பாத்த வெள்ளைப் பேஜ் அந்தக் காலி பேஜ்தான். அந்தப் பொடி எழுத்து வரியும் எல்லார் போனுக்கும் எப்பவுமே வருது, நோஸ்கிரிப்ட்ங்குற எச்டிஎம்எல் குறிக்குள்ள இருக்கும், ஸ்கிரிப்ட் ஆஃப்ல இருந்தா மட்டும் ப்ரௌசர் அத வெளிய காட்டும்.

அப்ப பயம் வீணா? இல்ல. முன்ன பின்ன தெரியாத ஆள் எழுதுன ப்ரோக்ராம் நம்ம போன்ல ஓடுது, அது நீங்க எங்க தட்டுறீங்க எவ்ளோ நேரம் படிக்கிறீங்கன்னு கண்காணிக்கலாம், உங்களுக்குத் தெரியாம கிரிப்டோ காயின் தோண்ட உங்க ப்ராசஸர பயன்படுத்துன கதையும் நடந்துருக்கு. அதுக்காகத்தான் ப்ரௌசர் அத கட்டிப் போட்டு வச்சிருக்கு. நீங்களா எடுத்துக் குடுக்காம உங்க ஃபைல படிக்க முடியாது, ஒரு டேப்ல இருக்குற சைட்டோட ஸ்கிரிப்ட் பக்கத்து டேப்ல இருக்குற பேங்க் பேஜ எட்டிப் பாக்க முடியாது. இந்தத் தடை எனக்கு ரொம்ப முக்கியமா படுது, இது இல்லன்னா நெட் பேங்கிங்னு ஒண்ண நம்பியே இருக்க முடியாது. உயிருக்கே ஆபத்துங்குற அளவுக்கு ரகசியம் தேவைப்படுறவங்களுக்கு, ஆள் அடையாளத்த மறைக்கன்னே இருக்குற டார் ப்ரௌசர்ல மேல்மட்ட பாதுகாப்ப வச்சா ஸ்கிரிப்ட் எல்லா சைட்லயும் நின்னுடும், அவங்களுக்கு அது சரி. ஆனா வெறும் செய்தி படிக்கிற பேஜ் கூட ஸ்கிரிப்ட் இல்லாம ஒரு எழுத்து காட்டாதுன்னா அது கட்டுன விதமே தப்புன்னுதான் நான் நினைக்கிறேன், பழைய போன், மெதுவான நெட் வச்சிருக்குறவங்கதான் அதுல அடி வாங்குறாங்க.

ஆண்ட்ராய்டு குரோம்ல மூணு புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், ஜாவாஸ்கிரிப்ட், இதான் வழி. ஆன் வச்சுட்டு, சந்தேகப்படுற சைட்ட மட்டும் அங்கயே பேர் போட்டு தடுத்துக்கலாம். சித்திக்கு இதையேதான் போன்ல ஒவ்வொண்ணா சொன்னேன், ரீலோட் பண்ண உடனே கட்டம் கட்டமா பேஜ் வந்துடுச்சு, அன்னைக்கே சிலிண்டர் புக் பண்ணிட்டாங்க.