அம்மாவின் சீரியல் ஏன் என் லப்டொப்புக்கு வருவதில்லை?

கொக்குவிலில் இருந்து ஏ/எல் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "எங்கட வீட்டில ஒரு இணைப்புத்தான். 'என் ஐ.பி. முகவரி என்ன' எண்டு லப்டொப்பில தேடினால் ஓர் இலக்கம் வருது. வைஃபையில இருக்கிற அம்மாவின்ர போனில தேடினாலும் அதே இலக்கம்தான். இரண்டுக்கும் முகவரி ஒண்டெண்டால், என்ர ரியூசன் வீடியோ எனக்கும், அம்மாவின்ர சீரியல் அம்மாவுக்கும் எப்பிடி மாறாமல் வருது?"

"வீட்டில் வைஃபை தரும் பெட்டி, அதாவது ரவுட்டர், பிரித்துக் கொடுக்கும்" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பிள்ளை கேட்டது அதை அல்ல. எது யாருக்கு என்று ரவுட்டருக்கு எப்படித் தெரியும்?

அடிப்படையை வேகமாகத் தாண்டுவோம். இணையத்தில் எல்லாமே சிறு பொதிகளாகத்தான் போகின்றன. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அனுப்புபவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் இருக்கும். பழைய வகை ஐ.பி. முகவரி 32 பிட் நீளம், அதாவது 0 அல்லது 1 என்று நிரப்ப 32 இடங்கள். மொத்தம் 429 கோடிச் சொச்சம் முகவரிகள். உலகில் இருக்கும் மனிதருக்கே அது காணாது. பிராந்தியங்களுக்குப் பிரித்துக் கொடுக்க மையத்தில் வைத்திருந்த கையிருப்பு 2011 பெப்ரவரி 3ஆம் திகதியோடு தீர்ந்தும் போனது. ஆகவே வீட்டுக்கு ஒரு முகவரி கிடைத்தாலே பெரிய காரியம்.

வீட்டுக்குள் இருக்கும் லப்டொப்புக்கும் போனுக்கும் ரவுட்டரே 192.168 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கிறது. இவை 1990களிலேயே உள்வீட்டுப் பாவனைக்கென்று ஒதுக்கப்பட்டவை. உங்கள் வீட்டில் ஒரு 192.168.1.7 இருந்தால் பக்கத்து வீட்டிலும் ஒன்று இருக்கலாம், ரொறன்ரோவில் மாமா வீட்டு நிலக்கீழ் அறையிலும் ஒன்று இருக்கலாம். சின்னக்கா என்ற பெயர் மாதிரித்தான். வீட்டுக்குள் கூப்பிட்டால் சரியான ஆள் திரும்பிப் பார்ப்பார். கடித உறையில் வெறுமனே "சின்னக்கா, யாழ்ப்பாணம்" என்று எழுதித் தபாலில் போட்டால் தபால்காரர் எந்த ஒழுங்கைக்குள் போவார்?

கைத்தொலைபேசி பரவுவதற்கு முன்பு இங்கே சந்திக்குச் சந்தி கொமினிகேஷன் கடைகள் இருந்தன. வெளிநாட்டில் இருப்பவரிடம் இருந்தது கடையின் இலக்கம் மட்டுந்தான். அழைப்பு வந்தால் கடைக்காரர் கொப்பியைப் பார்த்து, இது இன்னார் வீட்டுக்கு என்று சைக்கிளில் ஒரு பொடியனை அனுப்புவார். ரவுட்டருக்குள்ளும் அப்படி ஒரு கொப்பி இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே அந்தக் கொப்பிதான்.

பொதியில் முகவரியோடு, அந்தக் கணினியில் எந்தத் தொடர்புக்கு என்று காட்டும் போர்ட் என்ற இன்னோர் இலக்கமும் இருக்கும். 16 பிட், எனவே 0 முதல் 65,535 வரை. பாதுகாப்பான இணையத்தளங்கள் வழக்கமாக 443இல் காத்திருக்கும். உங்கள் லப்டொப் தன் பக்கத்துக்கு ஒரு பெரிய இலக்கத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். 51514 என்று வைப்போம். ரியூசன் வீடியோவை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கணினியின், அதாவது சேர்வரின், முகவரி 198.51.100.20. வீட்டின் வெளிமுகவரி 203.0.113.45. (இரண்டும் உதாரணம் எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகள். யாருடைய வீட்டையும் நான் காட்டிக்கொடுக்கவில்லை.)

லப்டொப் அனுப்பும் பொதியில் "192.168.1.7, போர்ட் 51514 இடமிருந்து" என்று இருக்கும். ரவுட்டர் அதை வாங்கி, அனுப்புநரை அழித்துவிட்டு "203.0.113.45, போர்ட் 51514" என்று எழுதுகிறது. கொப்பியிலும் ஒரு வரி விழுகிறது: வெளியே 51514 என்றால் உள்ளே 192.168.1.7இன் 51514. அதே நேரம் அம்மாவின் போனும், தற்செயலாக அதே 51514ஐ எடுத்துக்கொண்டு அதே சேர்வருக்குப் பொதி அனுப்புகிறது என்று வையுங்கள். இப்போது முகவரியை மட்டும் மாற்றினால் குழப்பம். ஆகவே ரவுட்டர் போர்ட்டையும் மாற்றி, 40211 என்று போட்டு அனுப்புகிறது. கொப்பியில் இரண்டாவது வரி: வெளியே 40211 என்றால் உள்ளே 192.168.1.9இன் 51514.

சேர்வருக்கு இந்த நாடகம் எதுவும் தெரியாது. ஒரே ஆள் இரண்டு கதை கதைக்கிறார் என்று நினைத்து 51514க்கும் 40211க்கும் பதில் அனுப்புகிறது. 40211க்கு வந்த பொதியைக் கண்டதும் ரவுட்டர் கொப்பியைப் பார்த்து, பெறுநரைத் திருத்தி, அம்மாவின் போனுக்குக் கொடுக்கிறது. சீரியல் மாறாத ரகசியம் இவ்வளவுதான். வீடியோ ஓடும்போது ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை இந்த அழித்தெழுதல் நடக்கிறது, உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றுக்குள்.

இதில் ஒரு நுணுக்கம். பொதி வழியில் பழுதாகவில்லை என்று உறுதிசெய்ய ஒரு சரிபார்ப்புத் தொகை அதற்குள் இருக்கும். அந்தத் தொகையில் முகவரியும் போர்ட்டும் சேர்த்தி. அவற்றை மாற்றினால் தொகை பிழைக்கும், பிழைத்த பொதியைச் சேர்வர் குப்பையில் போட்டுவிடும். எனவே தொகையையும் திருத்தியாக வேண்டும். பொதி முழுவதையும் முதலிலிருந்து கூட்டத் தேவையில்லை. பழைய இலக்கத்தைக் கழித்துப் புதியதைக் கூட்டினால் போதும், கடைக் கணக்கில் ஒரு சாமானைத் திருப்பிக் கொடுத்து வேறொன்றை வாங்கினால் முழுப் பற்றுச்சீட்டையும் திரும்பக் கூட்டாமல் வித்தியாசத்தை மட்டும் போடுவது போல.

கொப்பியில் ஒரு வரி எப்போதும் நிற்பதில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை என்றால் ரவுட்டர் அதை அழித்துவிடும். அதனால்தான் சும்மா கிடக்கும் போன்கூட இடைக்கிடை வெளியே ஒரு சிறு பொதி அனுப்பி "இருக்கிறன், இருக்கிறன்" என்று தன் வரியைக் காப்பாற்றிக்கொள்கிறது. கரண்ட் போனால் கொப்பி மொத்தமாகவே போய்விடும், ஏனென்றால் அது தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருப்பது. என் லப்டொப்பில் பற்றரி இருந்தும் ஒரு மணி நேரமாக இறங்கிக்கொண்டிருந்த கோப்பு இப்படித்தான் 96 வீதத்தில் செத்துப்போனது. இரண்டு நிமிடத்தில் கரண்ட் வந்துவிட்டது. வந்த ரவுட்டருக்கு என்னையும் தெரியவில்லை, சேர்வரையும் தெரியவில்லை.

வரி இல்லாத பொதி வெளியிலிருந்து வந்தால்? ரவுட்டர் தூக்கி எறிந்துவிடும். யாருக்கென்று தெரியாதே. இதனால் தற்செயலாக வீட்டுக்கு ஒரு வேலி கிடைத்திருக்கிறது. தொல்லையும் கிடைத்திருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வளவில் சிசிரிவி பூட்டிவிட்டுக் கனடாவில் இருந்து பார்ப்பவர்கள் நேரே கமராவைத் தட்டமுடியாது. அதற்காகவே இப்போதைய கமராக்கள் தாமாக வெளியே போய்த் தங்கள் நிறுவனத்தின் சேர்வரோடு ஒரு தொடர்பைத் திறந்து வைத்திருக்கின்றன. மாமாவின் போன் பேசுவது அந்தச் சேர்வரோடு. உங்கள் முற்றத்துப் படம் எந்த நாட்டுக் கணினியைச் சுற்றி வருகிறது என்பதை வாங்கும்போதே விசாரிப்பது நல்லது.

வட்ஸ்அப் போன்றவற்றில் அழைக்கும்போது இரண்டு பக்கமும் இதே சிக்கல். இங்கே ஒரு வேலி, ரொறன்ரோவில் ஒரு வேலி, வெளியிலிருந்து வரும் முதல் பொதியை இரண்டுமே எறியும். தீர்வு குறும்பானது. இருவரும் முதலில் ஒரு பொதுச் சேர்வரிடம் போய் "வெளியிலிருந்து பார்த்தால் நான் எந்த முகவரி, எந்த போர்ட்?" என்று கேட்கிறார்கள். அந்தப் பதில்களைச் சேர்வர் மாற்றிக் கொடுக்கிறது. பிறகு இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் பொதி அனுப்புகிறார்கள். முதலாவது அந்தப் பக்க வேலியில் மோதி விழுந்தாலும் பரவாயில்லை. அதை அனுப்பியதாலேயே தன் பக்கக் கொப்பியில் வரி விழுந்துவிட்டது, எனவே எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது "பதில்" என்ற பெயரில் உள்ளே நுழைந்துவிடும். தொலைவதற்கென்றே அனுப்பிய ஒரு பொதி கதவைத் திறந்துவிடுகிறது! சில ரவுட்டர்கள் ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறு போர்ட் கொடுக்கும். அப்போது இந்த வித்தை பலிக்காது, அழைப்பு முழுவதும் சேர்வர் வழியே சுற்றிப் போகும்.

சிம் போட்ட ரவுட்டர் என்றால் பெரும்பாலும் கொப்பி இரண்டு. வீட்டில் ஒன்று, சேவை வழங்குநரிடம் இன்னொன்று. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்கினால் நீங்களும் ஊரில் பலரும் ஒரே படலையால் போய்வருகிறீர்கள் என்று அர்த்தம்.

வேகத்தைப் பகிர்வது வேறு கதை. பங்குக் கிணற்றில் இறைப்புக்கு முறை வைப்பார்கள். சாதாரண ரவுட்டர் பெரும்பாலும் முறை வைப்பதில்லை, வந்தவருக்கு வந்தபடி. அண்ணா கலியாண வீட்டு வீடியோவை மேலேற்றத் தொடங்கினால் வெளியே போகும் வரிசை நிரம்பி, உங்கள் சின்னப் பொதியும் அதன் பின்னால் நிற்கும். அவரை இரவில் ஏற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, ரவுட்டரை ஈசான மூலையில் சாமியறைக்குள் வைத்தால் வேகம் கூடும் என்று எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வாஸ்து பார்ப்பவர் சொல்லியிருக்கிறார். விறாந்தைக்கு வருவதற்குள் மூன்று சீமெந்துச் சுவர் தாண்டி அலை களைத்துப் போகிறது. நடுவீட்டில், உயரத்தில் வையுங்கள். கடவுள் கோபிக்கமாட்டார்.

இந்த முகவரி மாற்றும் வித்தையை 1994இல் எகெவாங், போல் பிரான்சிஸ் என்ற இருவர் எழுதி வைத்தபோது, நிரந்தரத் தீர்வு வரும்வரை சமாளிக்கத்தான் முன்வைத்தார்கள். தற்காலிகக் கொட்டிலில் முப்பது வருடம் இருப்பது எங்களுக்குப் புதிதல்ல, இணையமும் அப்படித்தான் இருக்கிறது. புதிய வகையான 128 பிட் முகவரி எங்கும் பரவினால் ஒவ்வொரு போனுக்கும் சொந்த முகவரி கொடுக்கலாம். அதுவரைக்கும் இந்தக் கொப்பிதான் கதி. ஏ/எல் பிள்ளைகள் 192.168ஐப் பாடமாக்கிச் சோதனை எழுதுகிறார்கள், ஆனால் பாடசாலை ரவுட்டரோ அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஒரு பழைய ரவுட்டரை மேசையில் வைத்துத் திறந்து காட்ட என்ன பெரிய நிதி வேண்டும்?

கேள்வி கேட்ட பிள்ளை வீட்டிலேயே தொடங்கலாம். லப்டொப்பில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து நெட்ஸ்டாட் (netstat) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். உங்கள் பக்கத்துப் போர்ட் இலக்கங்கள் வரிசையாக வரும். உலாவியை மூடிவிட்டு மறுபடி அடியுங்கள். பல வரிகள் போயிருக்கும், சிலது கொஞ்ச நேரம் போகாமல் நிற்கும். வழியில் பிந்திப்போன பொதி ஏதும் வந்து, அதே இலக்கத்தில் தொடங்கும் அடுத்த கதைக்குள் தவறி நுழைந்துவிடக்கூடாது என்று அந்த இலக்கத்தை லப்டொப் பிடித்து வைத்திருக்கிறது.