என்சி: மன்னனா, சாமியோட காரியக்காரரா?

பழங்கால ஈராக்ல வாழ்ந்த சுமேரியர் பத்தி தமிழ்ல எதை எடுத்துப் படிச்சாலும் அங்க ஆட்சி செஞ்சவங்க எல்லாரையும் மன்னன்னு ஒரே சொல்லுல முடிச்சிடுறாங்க, ஆனா அவங்க களிமண் பலகைல ரெண்டு பட்டத்த தனித்தனியா எழுதி வச்சிருக்காங்க, ஒண்ணு லுகல், இன்னொண்ணு என்சி.

லுகல் ஈஸி. லு-ன்னா ஆளு, கல்-னா பெரிய, அவ்ளோதான். வீட்டுக்கு சொந்தக்காரன், அடிமைக்கு எஜமான், இவங்களுக்கும் அதே சொல்லுதான். அதனால நம்ம 'உடையார்' இதுக்கு அழகா பொருந்துது.

என்சிதான் கொஞ்சம் நின்னு பாக்கவேண்டிய சொல். எழுதுறப்போ பா, தே, சி-ன்னு மூணு குறி போடுவாங்க, அதனால பழைய புக்ஸ்ல 'படேசி'ன்னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். அதே பகுதில பேசுன அக்காடிய மொழிக்குப் போனப்போ இஷ்ஷாக்கு ஆச்சு.

இப்போ தெற்கு ஈராக்ல இருந்த லகாஷ் நாட்ட எடுத்துக்கோங்க. அங்க காவல் தெய்வம் நிங்கிர்சு, அதாவது கிர்சு ஊரோட தலைவன். போர்க் கடவுள், ஆனா வயலுக்கும் அவர்தான் சாமி. நிலமும் வாய்க்காலும் அவரோட சொத்து, என்சி அத அவர் சார்பா பாத்துக்கிற ஆளு. பக்கத்து நாடு உம்மாவோட தலைமுறை தலைமுறையா நடந்த எல்லைச் சண்டைகூட குஎதென்னாங்கிற நிலத்துக்காகத்தான், லகாஷ் கல்வெட்டுல அது நிங்கிர்சுவோட வயல்னுதான் வருது.

சுமார் கி.மு. 2450ல லகாஷ் என்சி எயன்னாதும் அந்தச் சண்டைல ஜெயிச்சு ஒரு கல் நட்டார், உடைஞ்ச துண்டுங்க இப்போ பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கு. ஒரு பக்கம் அவர் படையோட முன்னாடி நடக்கிறார், மேல கழுகுங்க வெட்டுன தலைகள கொத்திட்டுப் பறக்குது. மறுபக்கம் முழுக்க நிங்கிர்சு, கைல பெரிய வலை, உள்ள எதிரிங்க குவிஞ்சு கெடக்கிறாங்க, ஒருத்தன் வலைக் கண்ணு வழியா தலைய வெளிய நீட்டுறான், சாமி கதாயுதத்தால அந்தத் தலையிலயே போடுறார். வலை பிடிச்சிருக்கிறது சாமி கை, என்சி கை இல்ல, அந்தப் பட்டத்துக்கு இதவிட நல்ல விளக்கம் நான் பாத்ததில்ல.

அதனால தமிழ்ல என்சிக்கு 'மன்னன்' சரிப்படாது, 'ஆளுநர்'னா வேற ஒரு ராஜா அனுப்புன ஆள்னு தோணும் (பிற்பாடு 'ஊர்'ங்கிற (Ur) சுமேரிய நகரத்து ராஜ வம்சத்து காலத்துல உண்மையிலயே அந்த நிலைமைக்குத்தான் வந்துச்சு). லகாஷுக்கு 'காரியக்காரர்'தான் என் தேர்வு, பொதுநடைல 'இறைப்பொறுப்பாளர்'னு போடலாம். லகாஷ்லயே சிலர் லுகல்னும் போட்டுக்கிட்டாங்க, அங்க உடையார்னே எழுதுங்க, ரெண்டையும் கலக்கவேணாம்.

கி.மு. 2350 வாக்குல உம்மாவோட லுகல்சாகெசி லகாஷ் கோயில்கள கொளுத்தி சூறையாடினான். அப்போ லகாஷ்காரங்க எழுதுன புலம்பல் பலகை ஒண்ணு கிடைச்சிருக்கு. அவன உம்மாவோட என்சின்னுதான் அதுல சொல்லியிருக்காங்க, கடைசி வரி என்னன்னா, இந்தப் பாவத்த அவனோட தெய்வம் நிசாபா தன் கழுத்துல சுமக்கட்டும்.