ரஸ்குவாச்சே: ஒரு வசவுச் சொல்லுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்

லத்தீனெக்ஸ், அதாவது அமெரிக்காவுல வாழுற லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களோட இலக்கியம், நாடகம் பத்தின ஆய்வுகள படிக்க ஆரம்பிச்சா ரஸ்குவாச்சிஸ்மோன்னு ஒரு சொல் கட்டாயம் எதிர்ல வரும். 'எளியோர் அழகியல்'னு மாத்திப் போட்டா வேலை முடிஞ்சதுன்னு தோணும், ஆனா அப்படிப் போட்டா சொல்லோட உயிரே போயிடுது.

மூலச்சொல் ரஸ்குவாச்சே. மெக்சிகோ ஸ்பானிஷ்ல இது ஒரு திட்டு, மட்டமானது, அரைகுறை, ரசனை கெட்டது, இல்லாதப்பட்டவன் புத்தி, இவ்வளவும் அந்த ஒரே வார்த்தையில அடங்கிரும். அந்த மண்ணோட பழைய மொழியான நாவாட்ல்ல இருந்து வந்ததுன்னு பரவலா சொல்றாங்க. வசதியா இருக்குறவங்க இல்லாதவங்க வீட்டையும் உடுப்பையும் பாத்து மூக்கைச் சுளிச்சுச் சொன்ன சொல் இது.

இந்தத் திட்டை எடுத்து ஒரு கலைக் கோட்பாடாவே ஆக்குனவர் தோமாஸ் இபார்ரா ஃபிராஸ்டோ. டெக்சாஸ்ல சான் அந்தோனியோக்காரர், ஸ்டான்ஃபோர்டுல பாடம் நடத்துனவர், சிக்கானோக்கள், அதாவது அமெரிக்காவுல வாழுற மெக்சிகோ வம்சாவளி மக்கள், அவங்களோட இலக்கியத்தையும் கூடார நாடகங்களையும் ரொம்ப அக்கறையா ஆராய்ஞ்சவர். 1989ல அவர் எழுதுன கட்டுரைதான் ரஸ்குவாச்சிஸ்மோவ ஆய்வுலகத்துல நிலைநிறுத்துச்சு. அவர் சொல்றது என்னன்னா இது ஒரு பாணி இல்ல, அடிமட்டத்துல இருந்து உலகத்தப் பாக்குற ஒரு மனப்பாங்கு, காசு கிடையாது, கையில இருக்குறத வச்சு சமாளிச்சாகணும், ஆனா சமாளிச்சதோட விடாம அதையே பளபளன்னு, கலர் கலரா, நாலு பேர் நின்னு பாக்குற மாதிரி பண்ணிடணும். காலியான காபி டின்னுல செடி வச்சு வாசல்ல வரிசையா அடுக்குறது, பழைய டயரை வெட்டி பெயின்ட் அடிச்சு பூந்தொட்டி ஆக்குறது எல்லாம் இதுல சேர்த்திதான். ஸ்பானிஷ்ல 'அசேர் ரெண்டிர் லாஸ் கோசாஸ்'னு சொல்வாங்க, இருக்குறத நீட்டி நெளிச்சு நாலு காரியத்துக்கு வர வைக்கிறது.

நாடகத்துல இத கண் முன்னாடி பாக்கணும்னா 1965க்குப் போகணும். கலிபோர்னியாவுல டெலானோ திராட்சைத் தோட்டத் தொழிலாளிங்க வேலைநிறுத்தத்துல இருக்குறப்ப லூயிஸ் வால்டெஸ்ங்குற நாடகாசிரியர் அவங்களையே நடிகர்களாக்கி 'எல் தியேத்ரோ கம்பெசினோ'ன்னு ஒரு குழு ஆரம்பிச்சாரு. மேடை கிடையாது, லாரியோட திறந்த பின்பக்கம்தான் மேடை. செட்டு கிடையாது, கழுத்துல ஒரு அட்டை தொங்கும், அதுல 'எஸ்கிரோல்'னு எழுதியிருந்தா அவன் கருங்காலி, 'பத்ரோன்சீத்தோ'ன்னு எழுதியிருந்தா முதலாளி. 'முதலாளியின் இரண்டு முகங்கள்'னு ஒரு சின்ன நாடகத்துல முதலாளிக்குப் பன்னி முகமூடி. உங்க வாழ்க்கைதான் நிம்மதின்னு முதலாளி தொழிலாளிகிட்ட அளந்து விட்டு, விளையாட்டா முகமூடியையும் அட்டையையும் அவனுக்கே மாட்டி விடுறான், கடைசில முதலாளியோட சொந்த அடியாளே முதலாளியைத் தொழிலாளின்னு நினைச்சு இழுத்துட்டுப் போறான், அப்ப முதலாளி தொழிற்சங்கத் தலைவர் சேசர் சாவேஸைக் கூப்பிட்டு வேலைநிறுத்தம் வேலைநிறுத்தம்னு கத்துறான். தொழிலாளி வீடு, நிலம், காரு எதுவும் எனக்கு வேண்டாம்னு சுருட்டை மட்டும் வச்சுக்குறான். ஒரு முகமூடி, ரெண்டு அட்டை, அவ்வளவுதான் சாமான், ஆனா அதிகாரம் எப்படி கழட்டி மாட்டுற சமாச்சாரம்னு அந்த அட்டை காட்டுற மாதிரி லட்ச ரூபா செட்டு காட்டாது.

இதுக்கு முன்னோடி 'கார்பா'ங்குற கூடார நாடகம். ஆய்வாளர் யோலாந்தா பிராய்ல்ஸ் கொன்சாலெஸ் இந்தக் குழுவப் பத்தி 1994ல வந்த புத்தகத்துல இத அழுத்திச் சொல்றாங்க, எல்லாம் வால்டெஸ் ஒருத்தர் மூளையில உதிச்சது இல்ல, கூட்டா உருவாக்குனது, பொம்பளைங்க பங்கும் அதுல பெருசுன்னு. அது சொல்லியே ஆக வேண்டிய திருத்தம். சிக்கானா ஓவியர், ஆய்வாளர் அமாலியா மேசா பெய்ன்ஸ் இன்னொரு அடி போயி, வீட்டுக்குள்ள பொம்பளைங்க அலங்கரிக்கிற பூஜை மாடம் மாதிரியான விஷயங்களுக்கு 'டொமெஸ்திகானா'ன்னு தனிப்பேரே வச்சாங்க.

சரி, தமிழுக்கு வருவோம். 'எளிமை அழகியல்' தப்பு, ஏன்னா ரஸ்குவாச்சே அடக்கமே இல்லாதது, ஜிகுஜிகுன்னு இருக்கும். 'வறுமைக் கலை'ன்னா இத்தாலில இருந்த வேற ஒரு கலை இயக்கத்தோட குழம்பும். 'விளிம்புநிலை அழகியல்' ரொம்ப அகலம், எதை வேணா அதுக்குள்ள போடலாம். எனக்கு சரின்னு படுறது ஒப்பேத்தல். 'ஏதோ ஒப்பேத்திட்டான்'னு சொல்றப்ப ஒரு இளக்காரம் இருக்குல்ல, அந்த இளக்காரம் கட்டாயம் வேணும், அது இல்லாட்டி அந்த மக்கள் எதைப் பிடுங்கி தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்கன்னே படிக்கிறவங்களுக்குத் தெரியாது. கைல இல்லாததையும் மீறி காரியத்த முடிச்ச சாமர்த்தியமும் அதே சொல்லுல இருக்கு. அதனால ரஸ்குவாச்சேக்கு 'ஒப்பேத்தின', ரஸ்குவாச்சிஸ்மோவுக்கு 'ஒப்பேத்தல் அழகியல்', எழுத்து வழக்கு வேணும்னா 'ஒப்பேற்றல் அழகியல்'. கார்பாவ கூடார நாடகம்னு எழுதலாம். கம்பெசினோ குழுவோட நாடகத்துல வர்ற ஹெசூஸ் பெலாதோ ரஸ்குவாச்சி மாதிரி ஆள் பேரா வந்தா மட்டும் மாத்தாம அப்படியே விட்டுட்டு, முதல் தடவை வர்ற இடத்துல பக்கத்துலயே அர்த்தத்த சொல்லிடணும்.