ஆள் கூடக் கூட என் டேபிள்ல வரிசைதான் நீண்டுச்சு

2021 கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு துணிக்கடைக்கு நாங்க பண்ண வெப்சைட் முந்தின நாள் ராத்திரிதான் லைவ் போயிருந்துச்சு, நானும் நிம்மதியா டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தேன், பதினோரு மணிக்கு கடைக்காரர் போன் பண்றாரு. கோவமெல்லாம் இல்ல, சிரிச்சுட்டேதான் கேட்டாரு. "தம்பி, எங்கம்மா போன்ல பாத்துட்டு, புள்ளி வெக்கறதுக்கு தனியா காசு கேப்பாங்களாடான்னு கேக்கறாங்க."

திறந்து பாத்தா "பட்டுப் புடவைகள்"னு இருக்க வேண்டிய தலைப்பு "படடுப புடவைகள"னு நிக்குது. புள்ளி எல்லாம் மேல வெட்டுப்பட்டுப் போச்சு. காரணம் ரொம்ப சின்னது. தலைப்புக்கு வரி உயரம், அதாவது ஒரு வரிக்கு ஒதுக்கற இடம், எழுத்து சைஸுக்கு 110% வெச்சிருந்தாங்க, பெட்டிக்கு வெளிய போறதை மறைச்சிடுன்னும் சிஎஸ்எஸ்ல (பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற கோடு) போட்டிருந்தாங்க. இங்கிலீஷுக்கு அது அழகா இறுக்கமா இருக்கும். தமிழ்ல புள்ளியும், 'கி' 'கீ' மேல வர்ற சுழியும் இன்னும் மேல ஏறி உக்காரும், கீழ 'மு' 'ழு' எல்லாம் இறங்கும், அந்த 110%ல அடங்காது. எங்க அனுபவத்துல தமிழுக்கு 150% இல்லாம வேலைக்கே ஆகாது.

இது எனக்கு 2016ல ஆபீஸ் ஆரம்பிச்ச நாள்ல இருந்தே தெரியும். எந்த டிசைன் என் டேபிளுக்கு வந்தாலும் கண்ணு தானா அங்கதான் போகும், நானே மவுஸைப் புடிச்சு மாத்திட்டு "ம்ம், ஓகே"ன்னு திருப்பிக் குடுத்துடுவேன். அன்னிக்கு நான் திருப்பூர்ல ஒரு மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன், ரிவியூ பண்ணாமலே போயிடுச்சு. பண்ணவன் சேந்து ரெண்டு மாசமான பையன். "இங்கிலீஷ் ஹெட்டிங்கை அப்படியே தூக்கி தமிழுக்குப் போட்டிருக்கியே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"ன்னேன். அவன் ரொம்ப அப்பாவியா சொன்னான், "இது கேக்கற விஷயம்னே தெரியலீங்ண்ணா."

அந்த பதில்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். சின்ன வெப் டிசைன் ஏஜென்சி நடத்தறவங்க, நடத்தணும்னு நெனைக்கறவங்க, ஆறு பேர்ல இருந்து பதினாலு பேருக்குப் போகலாமான்னு யோசிச்சுட்டு இருக்கறவங்க, உங்களுக்காகத்தான் எழுதறேன். நாங்க கோயம்புத்தூர்ல பீளமேடு பக்கம். லாக்டவுனுக்கு அப்புறம் ஊர்ல இருக்கற அத்தனை கடைக்காரங்களுக்கும் ஆன்லைன் கடை வேணும்னு ஆச்சு, எட்டு மாசத்துல 6 பேர் 14 பேர் ஆனோம், வேலை வேகமா முடியும்னுதான் எல்லாரும் நெனச்சோம். நடந்தது என்னன்னா, முன்னாடி அஞ்சாறு வாரத்துல முடிஞ்ச சைட் மூணு நாலு மாசம் இழுத்துச்சு.

ஏன்னு உக்காந்து கணக்கு போட்டேன். ஒரு நேரத்துல 9 ப்ராஜெக்ட் ஓடுது. ஒவ்வொண்ணுலயும் ஒரு நாளைக்கு மூணு தடவையாவது "அண்ணா, ஒரு நிமிஷம்"னு யாராவது வருவாங்க, அந்த ஒரு நிமிஷம் இருபது நிமிஷம் ஆகும். 9 தரம் 3 தரம் 20, 540 நிமிஷம், ஒன்பது மணி நேரம். அதாவது என் வேலை நேரம் முழுக்க அதுக்கே பத்தாது, மத்ததெல்லாம் ராத்திரிதான். மதியம் மூணு மணிக்கு என் டேபிள் பக்கம் லேப்டாப்பை மடியில வெச்சுட்டு நாலு பேர் நிப்பாங்க, ரேஷன் கடை மாதிரி. அப்போ அது எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, உண்மையைச் சொல்லணும்ல.

இன்னொரு கணக்கும் இருக்கு, அது எங்க கண்டுபிடிப்பு இல்ல, சாஃப்ட்வேர் உலகத்துல ரொம்ப நாளா சொல்றதுதான். ஒரு டீம்ல ஆளுக்கு ஆள் பேசிக்க எத்தனை வழி இருக்குன்னு பாத்தா, 6 பேர்னா 15 ஜோடி, 14 பேர்னா 91 ஜோடி. ஆள் ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலதான், பேச்சு ஆறு மடங்கு ஆயிடுச்சு. ஆறு பேர் ஒரே ரூம்ல இருக்கும்போது போன்ல நான் கிளையண்ட்கிட்ட பேசறது எல்லார் காதுலயும் விழும், அதுவே பாதி ப்ராசஸ். பதினாலு பேர் ரெண்டு ரூம்னு ஆனதும் அந்தக் காது போச்சு, அதுக்குப் பதிலா நாங்க எதுவும் வெக்கல.

மூணாவதா ஒண்ணு, இதை எனக்கு ஒரு ஃபேக்டரி கிளையண்ட்தான் சொல்லிக் குடுத்தாரு, பம்ப் பண்றவரு. ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961லயே நிரூபிச்ச விதியாம், வரிசையில நிக்கற எதுக்கும் பொருந்தும். கையில இருக்கற வேலையை, மாசத்துக்கு எத்தனை முடிக்கறீங்கங்கறதால வகுத்தா ஒரு வேலைக்கு ஆகற காலம் வந்துடும். எங்களுக்கு அந்த வருஷத்தோட மோசமான மாசத்துல கையில 12, மாசம் முடியறது 3. அப்போ ஒரு சைட்டுக்கு நாலு மாசம். நாங்க கொட்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு இருந்தது ஆறு வாரம். யாரும் சோம்பேறி இல்ல, எல்லாரும் ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்துட்டுதான் இருந்தாங்க, ஆனா கணக்குப்படி அது நடக்கவே நடக்காது. அவர் சொன்னாரு, "புது ஆர்டர் வாங்காத, கையில இருக்கறதை முதல்ல வெளிய தள்ளு." வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு, அட்வான்ஸ் வர்ற நேரத்துல யாராவது வேண்டாம்னு சொல்வாங்களா. ஆனா ஒரு டிசைனருக்கு ஒரே நேரத்துல ரெண்டு ப்ராஜெக்ட்தான், மூணாவது வரிசையில நிக்கட்டும்னு வெச்சோம், கிளையண்ட்கிட்ட "உங்க வேலை மார்ச் 10 தான் ஆரம்பிப்போம்"னு தேதியோட சொல்ல ஆரம்பிச்சோம். ஒருத்தர் வேற இடம் பாத்துக்கறேன்னு போயிட்டாரு. மத்தவங்க காத்திருந்தாங்க.

இனி நாங்க பண்ண பெரிய தப்புக்கு வர்றேன். புள்ளி விஷயம் நடந்ததும் எனக்கு ஆவேசம் வந்துடுச்சு, டிசைன் சிஸ்டம், அதாவது பட்டன், ஃபார்ம் மாதிரி துண்டுகளை ஒரே தடவை வரைஞ்சு எல்லாரும் எடுத்துக்கற லைப்ரரி, பண்ணணும்னு கெளம்பிட்டேன். கூகுள் 2014ல மெட்டீரியல் டிசைன்னு தன்னோட சிஸ்டத்தை விட்டதுல இருந்து இந்த வார்த்தை எல்லார் வாயிலயும் இருக்குல்ல. ஃபிக்மால (நாங்க டிசைன் வரையற சாஃப்ட்வேர்) நாலு மாசம், நான் ஒருத்தனே, ராத்திரி ராத்திரியா. பட்டன் மட்டும் எண்பது வகை. முடிச்சு எல்லாரையும் கூப்பிட்டு காட்டினேன், கை தட்டினாங்க. மூணு வாரம் கழிச்சுப் பாத்தா ஒருத்தரும் தொடல.

ஏன் தொடலன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. ப்ராடக்ட் கம்பெனிக்கு ஒரே ஆப், ஒரே முகம், அவங்களுக்கு எண்பது பட்டனும் ஒரே மாதிரி இருக்கறது நல்லது. நம்மகிட்ட இந்த வாரம் நகைக்கடை, அடுத்த வாரம் பல் டாக்டர், அதுக்கடுத்து மசாலா பொடி. எங்க நகைக்கடை சைட் பல் டாக்டர் சைட் மாதிரி இருந்தா கிளையண்ட் சும்மா விடுவாரா? டிசைனர் ஒவ்வொரு தடவையும் அந்த லைப்ரரியை உரிச்சு உரிச்சு மாத்த வேண்டி இருந்துச்சு, அதுக்குப் புதுசாவே பண்ணிடலாம்னு விட்டுட்டாங்க. ஏஜென்சிக்குப் பொதுவா வெக்க வேண்டியது எலும்புதான், தோல் இல்ல. பக்கத்தோட அமைப்பு, இடைவெளி அளவு, ஃபார்ம்ல தப்பா டைப் பண்ணா என்ன காட்டணும், தேடி ஒண்ணும் கிடைக்கலன்னா அந்த வெறும் பக்கம் எப்படி இருக்கணும், லோட் ஆகற வரைக்கும் என்ன தெரியணும். இந்த கடைசி மூணையும் எந்த டிசைனரும் தானா வரைய மாட்டாங்க, டெவலப்பர் ராத்திரி ஒரு மணிக்கு தன் இஷ்டத்துக்கு எதையாவது போட்டுடுவாரு. எண்பது பட்டனைத் தூக்கிப் போட்டுட்டு நாலு வெச்சோம். கலர் கிடையாது, வெறும் சாம்பல்.

லைப்ரரியை விட உபயோகமானது ஒரு சாதாரண டாக்குமெண்ட். பேரு "ஏன் நோட்". நான் ரிவியூல எதையாவது மாத்தினா, மவுஸை நான் தொடக்கூடாது, வாயால சொல்லணும், கூடவே ஏன்னும் சொல்லணும், கேட்டவங்க அதை நோட்ல எழுதணும். அவ்வளவுதான் விதி. முதல் வரி எதுன்னு நீங்களே சொல்லிடுவீங்க, தமிழ் தலைப்புக்கு வரி உயரம். ரெண்டாவது, எழுத்துக்கு நடுவுல இடைவெளியை மைனஸ்ல இறுக்கற பழக்கம் தமிழுக்கு வேண்டாம். மூணாவது, இங்கிலீஷ்ல "சப்மிட்"னு ஆறு எழுத்துல முடியற பட்டன் தமிழ்ல "சமர்ப்பிக்கவும்"னு ஆகி பெட்டியை விட்டு வெளிய தொங்கும், அதனால பட்டன் அகலத்தைக் கட்டிப் போடாதே, முடிஞ்சா "அனுப்பு"ன்னு எழுது. அப்புறம் வெள்ளை மேல வெளுத்த சாம்பல் எழுத்து, எல்லா ஃப்ரெஷருக்கும் இது மேல ஒரு காதல். #999999ங்கற கலர் கோட் சாம்பலை வெள்ளை மேல போட்டா கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) மூணைக்கூடத் தொடாது, டபிள்யூசிஏஜி, அதாவது எல்லாராலயும் வெப்சைட்டைப் பயன்படுத்த முடியணும்னு வெச்ச சர்வதேச வழிகாட்டி, கேக்கறது சாதாரண எழுத்துக்கு 4.5, அதுக்கு #767676 அளவுக்காவது அடர்த்தி வேணும். ஏன்? மத்தியானம் வெயில்ல கடை வாசல்ல நின்னு போன் பாக்கறவங்களுக்குத் தெரியணும். இந்த "ஏன்" இல்லாம நம்பர் மட்டும் எழுதினா பசங்க ஒரு மாசத்துல மறந்துடறாங்க, காரணம் எழுதினா ஞாபகம் இருக்கு, சில சமயம் என்கிட்டயே வந்து "இந்த ப்ராஜெக்டுக்கு அந்தக் காரணம் பொருந்தாதுங்களேண்ணா"ன்னு சண்டைக்கு நிக்கறாங்க. அதுவும் வேணும்.

ஃபைல் விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். "ஹோம் ஃபைனல்", "ஹோம் ஃபைனல் 2", "ஹோம் ஃபைனல் ஒரிஜினல்"னு பேர் வெச்ச காலத்துல ஒரு டெவலப்பர் பழசைப் பாத்து முழு செக்அவுட் பக்கத்தையும் கட்டிட்டாரு, அஞ்சு நாள் வேலை வீணாப் போச்சு. இப்போ எல்லா ஃபிக்மா ஃபைல்லயும் மூணே பக்கம், "பேசிட்டிருக்கோம்", "கட்டலாம்", "குப்பை". ஃபிக்மாலயே 2023ல டெவலப்பருக்கான டெவ் மோடோட "ரெடி ஃபார் டெவ்"னு மார்க் பண்ற வசதி வந்துடுச்சு, அதையும் வெச்சிருக்கோம், ஆனா "கட்டலாம்" பக்கத்துல இல்லாததை டெவலப்பர் தொட மாட்டார்ங்கறது வாய்ச்சொல்லா போட்ட விதி, அதுதான் வேலை செய்யுது.

கிளையண்ட் பக்கம் வந்தா இன்னொரு கூத்து. நம்ம ஊர்ல பெரும்பாலும் குடும்பத் தொழில், அண்ணன் ஓகே சொல்வாரு, தம்பி கலரை மாத்தச் சொல்வாரு, லைவ் போற அன்னிக்கு மாமனார் வந்து லோகோ சின்னதா இருக்குன்னுவாரு. எல்லாம் வாட்ஸப் வாய்ஸ் நோட்ல, நாலு நிமிஷம், நடுவுல யார்கிட்டயோ "அந்த பார்சலை இங்க வை"ம்பாங்க. ஆறு பேரா இருந்தப்போ நானே கேட்டு நானே சமாளிச்சேன். பதினாலு பேர்னா அந்த வாய்ஸ் நோட் நாலு பேருக்கு ஃபார்வர்ட் ஆகி நாலு விதமா புரியும். இப்போ வேலை ஆரம்பிக்கும்போதே "இறுதி முடிவு யாருது"ன்னு ஒரே ஒரு பேர் எழுதி வாங்கறோம், மாமனார் பாக்கணும்னா முதல் ஸ்கெட்ச்சுலயே பாக்கட்டும்னு நாங்களே கூப்பிட்டு உக்கார வெக்கறோம். ரெண்டு ரவுண்டு மாத்தம், மூணாவதுக்குத் தனி பில். பில்னு சொன்னதும் ஞாபகம் வருது, இன்வாய்ஸ் போட்டுட்டா கிளையண்ட் காசு குடுத்தாலும் குடுக்காட்டாலும் நாம 18% ஜிஎஸ்டியைக் கட்டியாகணும், ஆள் கூடும்போது ஒரு ப்ராஜெக்ட் இழுத்தா சம்பளம் மட்டும் இல்ல இதுவும் கடிக்கும். லைவ் போனதும்னு எழுதாம, டிசைன் ஓகே ஆனதும்னு எழுதி நடுப் பணத்தை வாங்கிடுங்க.

ஆள் எடுக்கறதுலயும் அடி வாங்கினேன். ஒரு சீனியர் சம்பளத்துக்கு மூணு ஃப்ரெஷர் கிடைக்கறாங்களேன்னு நாலு பேரை ஒரே மாசத்துல எடுத்தேன். அவங்க தப்பு இல்ல, அவங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆள் நான் ஒருத்தன்தான், வரிசை இன்னும் நீண்டுச்சு. அதைச் சரி பண்ண எங்க பெஸ்ட் டிசைனரை லீட் ஆக்கினேன், அந்தப் பொண்ணுகிட்ட இஷ்டமான்னு கூட ஒழுங்கா கேக்கல, ப்ரமோஷன்தானே யார் வேண்டாம்பாங்கன்னு நெனச்சேன். அஞ்சு மாசத்துல பேப்பர் போட்டுட்டாங்க. "எனக்கு வரையத்தான்ணா புடிக்கும், நீங்க என்னை லீவ் அப்ரூவ் பண்ண வெச்சுட்டீங்க"ன்னாங்க. இப்போ லீடா இருக்கறவர் டிசைன்ல சுமார்தான், அவரே சொல்லிப்பாரு, ஆனா அடுத்தவங்க வேலையைப் பாத்து பொறுமையா கேள்வி கேக்கத் தெரியும். வாரத்துக்கு ரெண்டு நாள், பாதி முடிஞ்ச டிசைனை எல்லாரும் பாக்கற கூட்டம் அவர்தான் நடத்தறாரு. நான் போறதில்ல. நான் போன முதல் ரெண்டு வாரம் எல்லாரும் டிசைனைப் பாக்காம என் மூஞ்சியைத்தான் பாத்துட்டு இருந்தாங்க.

இப்போ 22 பேர். என் டேபிள் முன்னாடி யாரும் நிக்கறதில்ல, முதல் கொஞ்ச நாள் அது ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா வரிசை ஒழியல, இடம் மாறி கன்டென்ட் டேபிளுக்குப் போயிடுச்சு. நேத்து ஒரு கிளையண்ட் சிவகாசில பிரிண்ட் போட்ட நாப்பது பக்க கேட்லாக்கை பிடிஎஃப்பா அனுப்பினாரு, உள்ள இருக்கறது யூனிகோடு இல்லாத பழைய தமிழ் ஃபான்ட், காப்பி பண்ணா இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் பிராக்கெட்டுமா கொட்டுது. கன்வெர்ட்டர்ல போட்டு, வந்ததை வரி வரியா சரி பாத்துட்டு ஒரு பொண்ணு காலையில இருந்து உக்காந்திருக்கு, அதை நம்பி மூணு டிசைனர் சும்மா இருக்காங்க. சாயந்தரம் போய் பாத்தேன், பதினேழாவது பக்கத்துல இருந்துச்சு. "எந்த ஃபான்ட்ல குடுக்கணும்னு வேலை ஆரம்பிக்கும்போதே கிளையண்ட்கிட்ட சொல்ல மாட்டீங்களாண்ணா?"ன்னு கேட்டுச்சு. நோட்டைத் திறந்து நானே எழுதினேன்.